கைபேசிக்குச் சொன்ன பொய்

அறுகம்பேயில் ஒரு தாய் தம் கைபேசிக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைப் பற்றியதே இக்கட்டுரை.

அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டாருக்காக எழுந்த விடுதிகள் ஒரு பக்கம்; மணலில் ஏற்றிவைத்த தோணிகள் மறுபக்கம். இவ்விரண்டுக்கும் இடையே ஒடுங்கி நிற்கும் ஒரு வீட்டின் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். வீட்டுக்காரர் கடற்றொழிலாளி. மூத்த மகன் கட்டாரிலே கட்டட வேலை செய்கிறான். தாய்க்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம், பிரஷரும் உண்டு. சென்ற பெருநாளைக்கு மகன் ஒரு திறன்பேசியும், விரல்நுனியில் குத்தி இரத்தத்தின் சீனியை அளக்கும் சிறு கருவியும் அனுப்பியிருந்தான். பேசியினுள் ஒரு செயலி. காலையில் அளந்த எண்ணை அதில் பதியவேண்டும். எண் அளவுக்குள் நின்றால் பச்சைப் புள்ளி தோன்றும், மீறினால் சிவப்பு. அந்தப் புள்ளி அப்போதே கட்டாரிலுள்ள மகனின் பேசியிலும் தோன்றும்.

கருவி 220 என்று காட்டியது. தாய் சற்றும் தயங்காமல் 130 என்று பதிந்தார். பச்சை வந்தது.

நாம் பார்த்துவிட்டதை அவர் கண்டார். மறைக்க முயலவில்லை. “அவன் அங்க வெயிலுக்குள்ள நிண்டு வேலை செய்யிறவன் மகன். செகப்பக் கண்டா அண்டைக்கு அவனுக்குச் சோறு இறங்காது” என்றார். சற்றுப் பொறுத்து, “கிளினிக் கொப்பியில எல்லாம் சரியாத்தான் இருக்கு. மிஸிக்கிட்ட நான் பொய் சொல்லுறல்ல” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஒரே மனுஷி, ஒரே நோய். தாதியிடம் உண்மை, யந்திரத்திடம் பொய். ஏன் இப்படி? தாயின் அறியாமை என்று சொல்லிவிடலாம். படித்தவர்கள் பலர் அப்படித்தான் சொல்வர். நமக்கு அது அறியாமையாகத் தோன்றவில்லை. 220 என்றால் என்ன என்பதை அத்தாய் நன்றாக அறிவார். அறிந்தமையாற்றான் அதை மகனிடமிருந்து மறைத்தார். அந்த எண்ணை வைத்து மகனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, கவலைப்படுவதைத் தவிர. தாதிக்கு அந்த எண் வேலையைக் கொடுக்கும். மகனுக்கு வேதனையை மட்டும் கொடுக்கும். எண் யாரிடம் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை நமது விற்பன்னர்களைவிட அத்தாய் தெளிவாகக் கண்டிருக்கிறார்.

நோயின் பரப்பைச் சிறிது நோக்குவோம். இலங்கையில் 2018-19ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த சுகாதார, முதுமை ஆய்வு, வயதுவந்தோரில் 23 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்று கணித்தது. 2005-06இல் நடந்த ஆய்வொன்றில் அது பத்து விழுக்காட்டை ஒட்டியே நின்றது. கணிப்பு முறைகளில் வேறுபாடு இருக்கட்டும், திசை தெளிவானது. செல்வர் வருத்தம் என்று முன்னாளில் பெயர்பெற்ற நோய் இன்று கல்முனையிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை, நெல் வெட்டுபவர் வீட்டிலும் வலை இழுப்பவர் வீட்டிலும் புகுந்துவிட்டது. இது வந்துபோகும் காய்ச்சலன்று. வந்தால் ஆயுள் முழுதும் உடனிருக்கும். ஒவ்வொரு நாளும் மருந்து, ஒவ்வொரு நாளும் உணவில் கட்டுப்பாடு, கிரமமாகக் கிளினிக். வைத்தியரை மாதத்தில் சில நிமிடங்களே காணும் நோயாளி மற்ற நேரமெல்லாம் தன் நோயோடு தனித்திருக்கிறான்.

இந்தத் தனிமைக்குள்ளேதான் கைபேசி நுழைகிறது. மருந்து நேரத்தை நினைவூட்டுகிறது, எண்களைச் சேர்த்து வரைபடம் காட்டுகிறது, நடந்த அடிகளை எண்ணுகிறது, உண்டதைக் கேட்கிறது. இதில் என்ன தவறு?

யந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டத்தவர் அல்லர் நாம். யந்திரம் வேறு, அதை மூலதனம் பயன்படுத்தும் முறை வேறு என்ற பேதத்தை உழைக்கும் மக்கள் அறிந்துகொள்ளக் காலமும் அனுபவமும் வேண்டியிருந்தன என்று மார்க்ஸ் 1867இலேயே சுட்டிக்காட்டினார். மருதமுனையின் கைத்தறி நெசவாளரைக் கேட்டால் இந்தப் பேதத்தை இன்னும் சுருக்கமாகச் சொல்வர். நல்ல கருவி நல்ல கருவியே. பிறவியிலோ இளமையிலோ இன்சுலின் சுரப்பை இழந்த ஒரு மாணவிக்கு, நள்ளிரவில் சீனி இறங்குவதை எச்சரிக்கும் கருவி உயிரையே காக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் துணிவைத் தருகிறது. அதை இகழ்பவன் மனிதாபிமானி அல்லன்.

அன்றியும், கைபேசியால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னை வைத்தியர் அம்பாடி ராமச்சந்திரனும் தோழர்களும் 2009 முதல் 2012 வரை ஒரு பரிசோதனை நடத்தினர். நீரிழிவின் வாயிலில் நின்ற 537 ஆண்கள், எல்லாரும் வேலையிலிருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. மறு பாதியினருக்குத் தொடக்கத்தில் சொன்ன அறிவுரையோடு சரி. முடிவில், செய்தி பெற்றவருள் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவருள் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உண்டாகியிருந்தது. திறன்பேசிகூட வேண்டியிருக்கவில்லை, சாதாரணப் பேசியே போதுமாயிருந்தது. இது சிறிய வெற்றியன்று.

ஆனால், இவ்வெற்றியோடு இன்னொன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்த மற்றொரு பரிசோதனையின் முடிவு 2019இல் வெளியாயிற்று. சரிபாதி நிலையங்களில் தாதியரின் கையில் வைத்திய ஆலோசனை கூறும் செயலி கொடுக்கப்பட்டது. மற்றவற்றில் செயலி இல்லை. ஆனால் அங்கும் ஊழியருக்குப் பயிற்சியும் சிகிச்சை முறையை விளக்கும் அட்டவணைகளும் தரப்பட்டன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்திலும் நோயாளரின் இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இரண்டுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை! செயலி தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நாம் வேறு பொருள் கொள்கிறோம். பயிற்சி பெற்ற ஒரு தாதி இருந்த இடத்தில், அவள் கையில் யந்திரம் இருந்தாலும் சுவரில் அட்டை தொங்கினாலும், நோயாளி பிழைத்தான்.

வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவன். நோயைச் சமுதாய உறவாகக் கண்ட கணக்கு இது. நோயுற்றவன் நால்வகையில் ஒரு வகை மட்டுமே. இன்று சந்தையிலே விற்கும் செயலிகளின் தத்துவமோ வேறு. ‘உன் நோயை நீயே நிர்வகி’ என்கிறது அது. அளப்பவனும் நீ, எழுதுபவனும் நீ, கண்காணிப்பவனும் நீ, தவறினால் குற்றவாளியும் நீ. நான்கு பேர் சுமந்த பல்லக்கை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, அவனுக்குச் சுதந்திரம் அளித்ததாகப் பறைசாற்றுகிறார்கள். உள்ளே அமர்ந்திருப்பவனும் அவனே என்பதுதான் வேடிக்கை.

சுயநிர்வாகம் என்ற சொல் இனிமையானது. ஆயினும் நிர்வகிப்பதற்கு அதிகாரம் வேண்டாமா? அத்தாயின் அதிகாரத்தில் எது இருக்கிறது? சமைப்பது அவர், ஆனால் வீட்டுக்கு வரும் அரிசியைத் தீர்மானிப்பது விலை. சோறும் ஆணமும் உண்ணும் வீட்டில், தட்டில் பாதி மரக்கறியும் கால் பங்கு இறைச்சியும் இருக்கட்டும் என்று செயலி படம் காட்டுகிறது. பிட்டை அதற்குத் தெரியாது. நாம் பார்த்த செயலிக்குத் தமிழே தெரியாது. பேரப்பிள்ளை பக்கத்திலிருந்து வாசித்துச் சொல்கிறான். இரவெல்லாம் கடலில் கிடந்து விடியற்காலை கரையேறும் கணவருக்காக அவர் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் மாறுகின்றன. செயலியோ காலை எட்டு மணிக்குக் காரியாலயம் போகும் ஒருவரை மனத்திற்கொண்டு மணியடிக்கிறது. நோன்பு மாதத்திலும் நண்பகலில், ‘உணவுக்கு முன் அளந்தீர்களா?’ என்று கேட்கிறது. அந்த மாதம் வருமுன் கிளினிக்கில் வைத்தியர் மருந்தின் அளவையும் நேரத்தையும் ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்குமாக மாற்றிக் கொடுத்தார். எப்போது நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார். மார்க்கம் நோயாளிக்கு விலக்களித்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கை ஏற்க மனம் வராதவரோடு பேச ஒரு மனிதர் வேண்டும்.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். வரவேண்டிய இடம் அதுதான். செயலி இலவசம். ஆம், இலவசம். பேசி இலவசமல்ல, ரீலோட் இலவசமல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒன்று செலவாகிக் குப்பைக்குப் போகும் அந்தச் சிறு பட்டை இலவசமல்ல. கருவியை மலிவாகக் கொடுத்துப் பட்டையில் பணம் பார்ப்பது அவ்வியாபாரத்தின் பழைய உத்தி. நாளுக்கு மூன்று முறை அளக்கச் சொல்லும் செயலிக்கு, பட்டைப் பெட்டியின் விலை தெரியாது. அத்தாய் வாரத்துக்கு இரண்டு முறை அளந்துவிட்டு மற்ற நாட்களை ஊகத்தால் நிரப்புகிறார். இதுவும் பொய்தான். இந்தப் பொய்யை எழுதியவர் யார்? தாயா, விலையா?

2022ஆம் ஆண்டை இந்நாட்டில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்குமுன்பே மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. எண்ணெய்க்கு மைல்கணக்கில் வரிசை. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. நோயாளி வெளியே பாமசியில் வாங்கிக்கொள்ளும்படி துண்டெழுதிக் கொடுக்கப்பட்டது. அங்கும் விலை இரட்டித்திருந்தது, அல்லது மருந்தே இல்லை. அந்த நாட்களிலும் உலகெங்கும் செயலிகள் தவறாமல் மணியடித்தன: ‘மருந்து உட்கொள்ளும் நேரம்.’ இல்லாத மருந்தை உட்கொள்ளாதவனை அது ‘தவறியவன்’ என்று பதிந்தது. ஒழுக்கக் குறைவு என்று வரைபடத்தில் விழுந்த அந்தப் பள்ளம் உண்மையில் ஒரு நாட்டின் கடன் கணக்கிலே விழுந்த பள்ளம்.

இந்த நாட்டுக்கு வேறொரு மரபு உண்டு என்பதை மாணவ நண்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1934-35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு கிராமங்களுக்குப் போனார்கள். நோயாளி தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் கொழும்பில் இருந்துவிடவில்லை. அவ்வியக்கத்தில் முன்னின்ற வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயோடு சேர்ந்து 1971இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை எழுதினார். தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்தல், உலகச் சந்தையில் விலைகேட்டு மொத்தமாக வாங்குதல், கம்பெனி வைத்த வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் எழுதுதல் என்பன அதன் சாரம். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பன்னாட்டுக் கம்பெனிகள் இதை விரும்பவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நோயாளியின் ஒழுக்கத்தைத் திருத்துவதில் பிபிலே தம் காலத்தைச் செலவிடவில்லை. நோயாளியின் கைக்கு மருந்து ஏன் எட்டவில்லை என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கைபேசியை நோக்கியும் கேட்கலாம். பொறுப்பு என்பது ஒரு திசையில் மட்டும் ஓடவேண்டுமா? நோயாளியின் எண்ணை யந்திரம் கேட்கிறது; நல்லது. வைத்தியசாலையின் எண்ணை நோயாளிக்கு அது சொல்லுமா? மெட்போமின் இருப்பு எவ்வளவு, கிளினிக்கில் இன்று வைத்தியர் எத்தனைபேர், கண் பரிசோதனைக்கு எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும்?

நாம் இதைச் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருக்க, அத்தாய் ஒரே வசனத்தில் கேட்டுவிட்டார்: “மருந்தில்லாத நாளைக்கு இந்தப் போன் ஆருக்குச் செகப்புக் காட்டும்?”

யந்திரத்தை மறுதிசையில் திருப்பிப் பிடித்த முயற்சிகளும் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறார்கள். மருந்தைக் கையிலே கொடுக்கிறார்கள். அங்கும் கைபேசிப் பதிவு உண்டு. ஆனால் பேசி இருப்பது ஊழியரின் கையில். இந்தியாவில் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படும் ‘சிம்பிள்’ என்ற செயலியும் தாதிக்காகவே அமைக்கப்பட்டது. குறித்த நாளில் வராத நோயாளரின் பெயர்களை அது அவளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும். அவள் அழைத்து விசாரிக்கவேண்டும். வித்தியாசம் சிறிதா? ஒருவர் மருந்தைத் தவறவிட்டால், முன்னதில் அவர் குற்றவாளி. பின்னதில் அவரைத் தேடிச் செல்லவேண்டிய கடமை ஒருவருக்கு உண்டாகிறது. எண் அதே எண். கடன்பட்டவர் மாறிவிடுகிறார்.

இதைப் புகழும்போதே ஒன்றையும் மறைக்கலாகாது. அந்த வீடுவீடாக நடக்கும் பெண்களுக்குக் கிடைப்பது ஊதியமல்ல, ‘ஊக்கத்தொகை’. நோயாளியின் தலையிலிருந்து இறக்கிய சுமையை மலிவான பெண்ணுழைப்பின் தலையில் ஏற்றினால் பல்லக்கு ஆள்மாறியதே தவிர நீதி பிறக்கவில்லை.

எண்ணின் உடைமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தாயின் இரத்தத்திலிருந்து பிறந்த எண் எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது? அமெரிக்காவில் மருந்துவிலைக் கழிவு தேடித்தரும் குட்ஆர்எக்ஸ் என்ற கம்பெனி, தன்னை நாடிய நோயாளரின் விவரங்களை விளம்பர வியாபாரிகளுக்கு வழங்கியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2023இல் குற்றஞ்சாட்டியது. கம்பெனி 15 இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்த இணங்கியது. இலங்கையிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் பற்றிப் பேசினால் தாய் சிரிப்பார். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை ஆங்கிலம் அறியாத அவருக்காக அழுத்தியவன் பத்து வயதுப் பேரன். இன்சுலினைக் கண்டவர்கள் அதன் உரிமையை 1923இல் தொறொன்ரோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நூறாண்டுக்குப் பின், இன்சுலின் போடும் ஏழையின் எண் விற்பனைப் பொருளாகிவிட்டது.

சில நண்பர்கள் நம்மிடம் கேட்பர்: தாய் சொன்னது பொய்தானே; பொய் தீமைதானே; உண்மையான எண்ணை மகன் அறிந்திருந்தால் கிளினிக்குக்குப் போகும்படி வற்புறுத்தியிருப்பான் அல்லவா? நியாயமான கேள்வி. அந்தப் பொய்யால் ஆபத்து உண்டு. அவர் காலில் ஆறாத புண் ஒன்று வந்தால் பச்சைப் புள்ளி அவரைக் காப்பாற்றாது. நாம் இதைத் தாயிடம் சொன்னோம். சொல்லாமல் ரசித்துவிட்டு வருவது நேர்மையன்று. ஆனால் பொய்யை அதன் சூழலிலிருந்து பிடுங்கி எடுத்துத் தராசில் வைப்பது சந்நியாசியின் அறம். தாய் ஏன் உண்மையை மகனுக்கு அனுப்ப முடியவில்லை? மகன் ஏன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வெயிலில் நிற்கிறான்? அவன் அங்கே நிற்பதால்தான் இங்கே கருவியும் பேசியும் பட்டையும் வந்தன. அவன் இங்கே இருந்தால் கருவி இராது; ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆளிருக்கும். வள்ளுவர் சொன்ன நாலாமவர், அருகிலிருந்து பணிசெய்பவர், ஏற்றுமதியாகிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்திருப்பது ஒரு புள்ளி.

அவர் போகும் கிளினிக்கில் நாம் ஒரு காலை இருந்தோம். அது இலட்சிய இடமன்று. விடியுமுன் இலக்கம் எடுக்கவேண்டும். வாங்கில் இடம் போதாது. வைத்தியர் ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கமுடிகிறது. ஆயினும் அங்கே ஒன்று நடந்தது. தாதி கொப்பியைப் புரட்டினாள், முந்தைய மாதங்களின் எண்களைப் பார்த்தாள், நிமிர்ந்து கேட்டாள்: “என்ன உம்மா, மகன்ட காசு வரல்லயா இந்த மாதம்?” எண்ணிலிருந்து அவள் வீட்டை வாசித்துவிட்டாள். பட்டை வாங்கக் காசில்லை என்று தாய் ஒப்புக்கொண்டார். “பரவால்ல, கிழமையில ஒருநாள் இங்க வாங்க, நான் குத்திப் பாக்கன்” என்றாள் அவள். அது அவளுடைய கடமைப் பட்டியலில் இருந்ததா என்று தெரியவில்லை. வரிசையில் அடுத்தவர் இருமினார்.

நாம் திரும்பும் நாளன்று பிற்பகல் கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. “உம்மா, இண்டைக்கு என்ன, ஒண்டும் எழுதல்ல?” என்ற குரல் நமக்கும் கேட்டது. அன்று அவர் எதையும் பதிந்திருக்கவில்லை, பச்சையுமில்லை, சிவப்புமில்லை. தாய் சிறிதுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மனே, போன மாதம் நான் எழுதினது சரியில்ல. இருநூறுக்கு மேலதான் நிக்குது. மிஸிக்கிட்டச் சொல்லியிருக்கன், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னவ” என்றார். அந்தப் பக்கத்தில் சற்றுநேரம் சத்தமில்லை. பின்பு மகன் கேட்டான், செவ்வாய்க்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று.